அறுந்த மூக்கும் அடைபட்ட மூச்சும்

தமிழ்நாட்டு வரலாற்றில் மூக்கின் பெயரால் வழங்கும் போர் ஒன்று உண்டு. 1650களின் பிற்பகுதியில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாயக்கரின் நாட்டுக்குள் புகுந்தது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கையில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து, வெற்றியின் அடையாளமாகச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்ப உத்தரவிருந்தது என்று அக்காலத்தில் தமிழகத்தில் இருந்த சேசு சபைப் பாதிரியார் புரொயென்சாவின் கடிதம் கூறுகிறது. தமிழ்–போர்த்துகீசிய அகராதி தொகுத்தவரும் இவரே. திருமலை நாயக்கர் அப்போது நோயில் கிடந்தார். இராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படை திரட்டி வந்து மைசூர்ப் படையைத் தடுத்தார். பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் எல்லைவரை துரத்திச் சென்று, அந்நாட்டவரின் மூக்குகளை அறுத்துப் பழி தீர்த்தார். மூக்கறு போர் என்று பெயர் பெற்றது இதுதான்.

தென்காசியும் குற்றாலமும் அடங்கிய நெல்லைச் சீமை அன்று மதுரையின் ஆட்சிக்கு உட்பட்டது. காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசிப் பாண்டியர் மரபு அதற்குள் மங்கிவிட்டது. சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி போன்ற பாளையங்கள் நாயக்கருக்குத் திறை கட்டி வந்தன. கூப்பிட்டால் ஆள் அனுப்புவது பாளையக்காரர் கடமை. சண்டை நடந்த இடங்கள் பொதிகை அடிவாரத்துக்குத் தொலைவுதான் என்றாலும், மூக்கறுப்பு என்பது அங்கும் விளக்கம் தேவைப்படாத அவமானம். சூர்ப்பணகையின் கதையைக் கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்த ஊர்கள் அவை. களவுக்கும் பிறன்மனை நயத்தலுக்கும் மூக்கறுப்பதை இந்தியாவின் பல அரசுகள் தண்டனையாக வைத்திருந்தன. தலையை வெட்டினால் குற்றவாளியின் கதை அன்றோடு முடிந்துவிடும். மூக்கை அறுத்தால் அவன் நாளும் சந்தைக்கும் கிணற்றடிக்கும் அந்தத் தண்டனையை முகத்தில் சுமந்துகொண்டு போய்வர வேண்டும். அறுத்தவர்கள் வேண்டியதும் அதைத்தான்.

இந்தக் கொடுமைதான் இந்தியாவில் மூக்கு மருத்துவத்தை வளர்த்தது. சுசுருதரின் நூல் அறுந்த மூக்கைச் சீராக்கும் முறையை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. போன மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதே அளவில் கன்னத்திலிருந்து தோலைக் கீறியெடுக்க வேண்டும். கன்னத்தோடு உள்ள ஒட்டு அறாமல் அதைத் திருப்பி, புண்ணாக்கிய மூக்கடியில் பொருத்தித் தைக்க வேண்டும். அதன்மேல் அதிமதுரம் முதலிய மருந்துப் பொடிகளைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட வேண்டும். இவற்றுக்கு நடுவே, தோலைப் பொருத்தும்போது மூக்கின் துளைகளில் இரண்டு குழல்களைச் செருகு என்று ஒரு குறிப்பு வருகிறது. புதிய மூக்கு எப்படித் தோன்றும் என்பதோடு நோயாளி எப்படி மூச்சு விடுவார் என்பதையும் அந்த மருத்துவர் எண்ணியிருக்கிறார். மூக்கறுவையின் பிற்கால வரலாற்றை இந்த இரண்டு குழல்களை வைத்தே அளந்துவிடலாம். அவற்றை மறந்த இடங்களில் எல்லாம் மூக்கு கெட்டது.

கன்னத்துத் தோலுக்குப் பதில் நெற்றித் தோலை எடுக்கும் முறை எப்போது வந்ததோ, 17ஆம் நூற்றாண்டில் அது நடைமுறையில் இருந்தது உறுதி. முதுமையைச் சென்னையில் கழித்த வெனிசுக்காரர் நிக்கோலோ மனுச்சி, 1680களின் பீஜப்பூர்ப் போரில் மூக்கிழந்தவர்களுக்கு உள்ளூர் வைத்தியர்கள் நெற்றித் தோலை இறக்கி, முறுக்கி ஒட்டியதைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். இவரும் மருத்துவம் பார்த்தவர் என்பதால் அந்தக் குறிப்புக்கு எடை கூடுதல்.

உலகம் முழுக்க இச்செய்தியைக் கொண்டு சேர்த்தவர் ஒரு வண்டிக்காரர். கவாஸ்ஜி என்பவர் 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டினார். திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமல் இருந்த பிறகு, புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். தாமசு குரூசோ, ஜேம்ஸ் பிண்ட்லே என்ற இரு ஆங்கில மருத்துவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் கவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழ் செய்முறையைப் படத்தோடு வெளியிட்டது.

அந்த வைத்தியர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிக்கட்டையில் வைத்து மூக்கு வடிவம் பிடித்தார். தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு கீறினார். கோட்டின் வழியே தோலை உரித்தவர், இரு கண்களுக்கு நடுவில் ஒரு சிறு கீற்றை மட்டும் அறுக்காமல் விட்டார். புதுத் தோலுக்கு இரத்தம் போகும் வழி அதுதான். பழைய தழும்பைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, நெற்றித் தோலை அரைமுறுக்காகத் திருப்பிக் கீழிறக்கி, விளிம்புகளைப் புண்ணுக்குள் செருகினார். அவர் ஊசி நூல் எடுக்கவில்லை. வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாள் அதைத் தொடவில்லை. பிறகு நெய்யில் தோய்த்த துணிகள் வைத்தார். பத்தாம் நாள் வாக்கில் மூக்குத் துளைகளில் மென்துணித் திரி வைத்து அடைபடாமல் காத்தார். சுசுருதரின் குழல்கள் செய்த வேலையை இந்தத் திரிகள் செய்தன. கண்ணிடைக் கீற்றை இருபத்தைந்தாம் நாள் வாக்கில்தான் அறுத்தார். இன்றைய மயக்க மருந்து எதுவும் இல்லாத காலம் அது.

லண்டன் மருத்துவர் ஜோசப் கார்பியூ பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814 அக்டோபர் 23 அன்று ஒரு படை அதிகாரிக்கு இந்த அறுவையைச் செய்தார். பிடித்த நேரம் 15 நிமிடம். 1816இல் அவர் வெளியிட்ட நூலால் ‘இந்திய முறை’ ஐரோப்பாவெங்கும் பரவியது. இத்தாலியில் தாலியகொட்சி 1597இல் எழுதிய முறையில் கைத்தோலை மூக்கில் ஒட்டி, கையை வாரக்கணக்கில் தலையோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு நெற்றித் தோல் எவ்வளவோ மேல்.

பாராட்டு மழையில் ஒரு குறை மறைந்து போனது. நெற்றித் தோலுக்கு வெளிப்பக்கம் உண்டு, உள்பக்கம் என்று சொல்ல ஏதும் இல்லை. மூக்கின் உட்சுவரில் இருக்க வேண்டிய சவ்வின் இடத்தில் வெறும் புண்தான் இருந்தது. புண் ஆறும்போது சுருங்கும். சுருங்கச் சுருங்க மூக்கு குறுகித் துளைகள் மூடின. கட்டுப் பிரித்த அன்று மூக்கு அழகாக இருக்கும். நாள் கழித்துப் பார்த்தால் வேறு கதை. இந்தோரில் பணியாற்றிய கீகன் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அடிக்கட்டையின் தோலையே உள்நோக்கி மடித்து உட்சுவராக்கும் வழியைக் கண்ட பிறகே நிலை தேறியது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் தொழுநோயின் மூலம் வந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். மூச்சுக்காற்றால் எப்போதும் குளிர்ந்திருக்கும் மூக்கின் உட்சவ்வு அதற்கு வாய்ப்பான இடம். நடுத்தண்டுக் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு மூக்கு அமுங்கிப் போகும். 1940களில் சல்போன் மருந்துகள் வந்து நோய் குணமான பின்னும், அமுங்கிய மூக்கைக் கண்டு ஊர் ஒதுக்கியது, வேலை கிடைக்கவில்லை. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையால் உலகப் புகழ் பெற்றார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் மூக்குகளையும் சீர்செய்தார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தின் ஹெரால்டு கில்லீஸ் வகுத்த முறையே அதற்கு வழிகாட்டியது. அமுங்கிய மூக்கின் வெளித்தோல் பெரும்பாலும் கெடாமல்தான் இருக்கும். உட்சவ்வு சுருங்கித் தழும்பாகி அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். தழும்பை அறுத்து விடுவித்து, உள்ளே தோல் ஒட்டு வைத்து, தாங்குவதற்கு முட்டுக் கொடுத்தால் மூக்கு எழுந்து நிற்கும். அம்மூக்கு நோயாளிக்கு வேலை தேடிச் செல்லும் முகத்தைக் கொடுத்தது. அழகு அறுவை என்று இதை ஒதுக்குவது நியாயமல்ல.

நோயோ காயமோ இல்லாத மூக்கை விருப்பத்துக்காக மாற்றும் வழக்கம் இதன் கடைசிக் கிளை. அமெரிக்காவில் ஜான் ரோ 1887இலும், பெர்லினில் ஜாக் ஜோசப் 1898இலும் இதைத் தொடங்கினார்கள். வெளியே தழும்பு தெரியாமல் துளைகளின் வழியே எலும்பையும் குருத்தெலும்பையும் குறைப்பது ஜோசப் வளர்த்த கலை. அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் குறைப்பதே திறமை என்று கருதப்பட்டது. தாங்கும் குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டியதில், சிறியதாய் அழகாய் ஆன மூக்குகள் சில ஆண்டுகளில் நடுவில் நசுங்கின, மூச்சு அடைத்தது. லாஸ் ஏஞ்சலிசின் ஜாக் ஷீன் 1984இல், நடுத்தண்டின் இருபுறமும் குருத்தெலும்புக் கீற்றுகளை வைத்துக் காற்றுவழியை விரிக்கும் முறையை வெளியிட்டார். வெட்டுவதைவிடத் தாங்குவதே முக்கியம் என்ற இன்றைய நோக்கு அதன் பிறகு வலுத்தது.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். என்றாலும் பெரிய அறுவைகளுக்கு அங்குள்ளோர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்கோதான் போகிறார்கள். மூக்கழகு அறுவைக்குப் போகிறவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மேற்கண்ட வரலாறே தருகிறது: இந்த அறுவைக்குப் பின் மூச்சு எப்படி இருக்கும்? நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்று துளைக்குள் பார்க்காமல், வெளித்தோற்றத்தைப் படமெடுத்துக் கணினியில் மாற்றிக் காட்டுவதோடு நிறுத்துகிறவரிடம் அவசரப்பட்டுத் தேதி வாங்கக் கூடாது. அவர் எம்.சி.ஹெச். பிளாஸ்டிக் சர்ஜரியோ, காது மூக்கு தொண்டைப் பிரிவில் எம்.எஸ். படிப்போடு இதில் தனிப்பயிற்சியோ பெற்றவரா, மயக்க மருத்துவர் உடனிருக்கும் மருத்துவமனையா என்பதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கத்தியில்லா மூக்கழகு என்று விளம்பரமாகும் ஃபில்லர் ஊசியும் விளையாட்டல்ல. மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், கண்பார்வையே போகலாம்.

முகம் வளர்ந்து முடியும் முன் இந்த அறுவை செய்வதில்லை. பெண்களுக்கு 15, 16 வயதும் ஆண்களுக்கு 17, 18 வயதும் ஆக வேண்டும். சொல்லாமல் மறைக்கக் கூடாதவை சில உண்டு. புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், ஏனெனில் கவாஸ்ஜியின் வைத்தியர் ஒரு கீற்றை விட்டுக் காத்த அதே இரத்த ஓட்டத்தைப் புகை குறைக்கிறது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும், வழக்கமாகச் சாப்பிடும் சித்த மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூக்குத்தியைக் கழற்றிவிட்டே அறுவை அரங்குக்குள் போக வேண்டும். சிறுவயதில் ஆசாரி மூக்குக் குத்திய இடத்தில் தழும்பு மேடாக வளர்ந்திருந்தால் அதையும் காட்ட வேண்டும். அறுவைத் தழும்பும் அப்படி வளரும் வாய்ப்புண்டு.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்பு வேறு கணக்கு. நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது என்பது மருத்துவ நூல்களில் பொதுவாகக் காணும் கணக்கு. அந்தச் செலவு யாருடையது என்பதை முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

அறுவைக்குப் பின் மூக்கின் மேல் வைக்கும் காப்பை ஒரு வாரத்தில் எடுப்பார்கள். கண்ணடிக் கன்றல் இரண்டு வாரத்தில் மறையும். நுனி வீக்கம் முழுதும் வடிந்து உண்மையான உருவம் தெரிய ஓராண்டு ஆகும். தடித்த தோலானால் இன்னும் கூடும். வெட்டிய எலும்பு கூடிப் பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும், அதுவரை கண்ணாடியின் பாரம்கூட மூக்கில் இறங்கக் கூடாது. குற்றாலத்துச் சாரல் காலம் ஜூனில் தொடங்கும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் கட்டைவிரல் புருவத்திலிருந்து மூக்குத்தண்டு வழியாக அழுத்தி இறங்கும். பிறகு பேரருவியின் நீர் தலையிலும் முகத்திலும் அடிக்கும். ஆறாத மூக்கு இரண்டையும் தாங்காது. கோடை விடுமுறையில் அறுவை செய்துகொண்டவர், அந்த ஆண்டு அருவியைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதே சரி.