மனச்சிதைவு நோய்க்கான பழைய, புதிய மருந்துகள்

இல்லாத குரல்கள் காதில் விழுதல், ஆதாரமற்ற ஐயங்களை உறுதியாக நம்புதல், வேலையிலும் உறவிலும் நாட்டம் குன்றுதல் ஆகியவற்றை அடையாளமாகக் கொண்ட மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் இரு தலைமுறைகளாகப் பகுக்கப்படுகின்றன. 1952இல் பாரிசில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்புரோமசின், 1958இல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடால் முதலியவை பழையவை. ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் என 1990களில் பரவியவை புதியவை. புதிய தலைமுறையின் மூலமருந்தாகிய குளோசபின், வயதில் ஏறத்தாழ ஹாலோபெரிடாலுக்கு ஒப்பானது என்பதால், இப்பகுப்பைக் காலக்கணக்காகக் கொள்வதில் பொருளில்லை.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளை இவ்விரு வகைகளும் தடுக்கின்றன. பழையவை அவற்றை அழுத்தமாகத் தடுப்பதால் கைநடுக்கம், தசை விறைப்பு, ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பு ஆகியவை தோன்றும்; நெடுநாள் உட்கொண்டால் வாயும் நாக்கும் தாமே அசையும் கோளாறு நிலைத்துவிடவும் கூடும். புதியவற்றில் பல செரோடோனின் ஏற்பிகளையும் தடுப்பதால் இத்தொல்லைகள் குறைவு. ஆனால் ஓலன்சபின், குளோசபின் ஆகியவை உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டுகின்றன.

பயனைப் பொறுத்தவரை, புதியவை பரவுமுன்னரே சென்னையில் 1981இல் 90 நோயாளிகளைக் கொண்டு நெடுங்காலத் தொடராய்வு தொடங்கியது. பத்தாண்டுகளுக்குப் பின் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்ததாக மருத்துவர் ஆர். தாரா உள்ளிட்டோர் பதிவு செய்தனர். அக்காலத்தில் கிடைத்தவை பழைய மருந்துகளே. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பழைய மருந்தான பெர்ஃபெனசின் பெரும்பாலான புதியவற்றுக்கு ஈடாக நின்றது. ஓலன்சபினைச் சற்றுக் கூடுதல் காலம் தொடர்ந்தனர் எனினும், 18 மாதங்களுக்குள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தமக்கு முதலில் தரப்பட்ட மருந்தை நிறுத்திவிட்டனர்.

ஆகவே, தேர்வு பக்கவிளைவைப் பொறுத்ததே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் இயக்குபவருக்குக் கைநடுக்கம் பிழைப்பையே பறிக்கும். குடும்பத்தில் நீரிழிவு உள்ள பூந்தமல்லிக்காரருக்கு ஓலன்சபினைத் தவிர்ப்பதே நன்று. போதிய அளவில் இரு மருந்துகள் தந்தும் பயனில்லாதபோது மட்டும் குளோசபின் ஏனையவற்றை விஞ்சுகிறது. அது அரிதாக இரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைப்பதால், முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டும் இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.