ஆங்கிலத்தில் வியப்புச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஜேம்ஸ் மன்னனின் ஆணைப்படி 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில், 17ஆம் அதிகாரத்துத் தொடரொன்று இன்றைய வாசகரை மயங்க வைப்பதாகும். புனிதரின் குருதியால் வெறிகொண்டிருந்த பெண்ணொருத்தியைக் கண்ட யோவான் பெரும் 'அட்மிரேஷன்' கொண்டதாக அங்குக் கூறப்பட்டுள்ளது. இச்சொல்லுக்கு நாம் இன்று கொள்ளும் பொருள் மதிப்பு, பாராட்டு என்பன. அப்பொருளை ஏற்றிப் படிப்போமாயின், கொலைவெறியை யோவான் போற்றினார் என்ற விபரீதமான முடிபுக்கே வருவோம். கிரேக்க மூலம் குறிப்பதோ பெருந்திகைப்பு மாத்திரமே. 1881இல் வெளிவந்த திருத்திய பதிப்பினர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து, அச்சொல்லை அகற்றி 'வண்டர்' என்ற சொல்லை அங்கு இட்டனர்.

இவ்விரு சொற்களும் ஆங்கிலத்தின் இருவேறு படைகளைச் சார்ந்தன. 'வண்டர்' பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய ஜெர்மானியச் சொல். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னர் அரசவையிலும் திருச்சபையிலும் பிரெஞ்சும் இலத்தீனும் பெற்ற செல்வாக்கினால், 'மார்வெல்', 'மிரக்கிள்', 'அட்மிரேஷன்' ஆகிய சொற்கள் காலத்துக்குக் காலம் வந்து சேர்ந்தன. இம்மூன்றும் வியத்தல் என்னும் பொருள்கொண்ட ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை என்பது நோக்கற்பாலது.

'அட்மிரேஷன்' என்பதன் பழைய பொருள் மெல்லவே மறைந்தது. சேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தில், இறந்த மன்னனின் ஆவியைப் பற்றிய செய்தியைக் கேட்கும் இளவரசனிடம் தோழன் அடக்கிக்கொள்ளுமாறு வேண்டுவது திகைப்பையேயன்றிப் பாராட்டையன்று. 1649இல் ஆன்மாவின் உணர்ச்சிகள் பற்றிய நூலை வெளியிட்ட பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், அடிப்படை உணர்ச்சிகள் ஆறனுள் முதலாவதாக வைத்தது இதே சொல்லையே. ஒரு பொருள் நல்லதோ தீயதோ என மனம் தீர்மானிக்குமுன் எழுவது இவ்வுணர்ச்சி என்பது அவர் விளக்கம். எனவே பாராட்டுக்கு அங்கு இடமேயில்லை. இலங்கையைப் பற்றி றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளிவந்த நூல் முதலாக, அக்கால ஆங்கில ஆவணங்களைச் சான்றாகக் கொள்ளும் நம்மவர், சொற்களுக்கு இன்றைய அகராதிப் பொருளையே கொண்டு அமைதியடைதல் ஆபத்தானது.

'அமேஸ்' என்ற சொல்லும் இத்தகையதே. சிக்கலான வழிகளைக் குறிக்கும் 'மேஸ்' என்பதோடு உறவுடைய இது, முன்னர் அறிவு தடுமாறுதலைக் குறித்தது. மேற்கூறிய விவிலியத்தில், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அடைந்த மனக்கலக்கத்தை மாற்கு நற்செய்தி இச்சொல்லாலேயே கூறுகின்றது. 'அஸ்ரொனிஷ்' இடியால் தாக்குண்டவன் நிலை. இடிமுழக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் வினையே அதன் மூலம். 'சர்ப்பிறைஸ்' முதலில் பிடித்தலையும் எதிரியை எதிர்பாராது தாக்குதலையும் சுட்டிற்று. இனிய உணர்ச்சியெனக் கருதப்படும் வியப்புக்கு ஆங்கிலேயர் பெற்ற சொற்களுட் பல அடியும் அச்சமும் தந்தவை. நமது தொல்காப்பியம் வியப்பை மருட்கை எனப் பெயரிட்டு மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்ததும், மருளுதலோடு அதனைத் தொடர்புறுத்தியதும் இங்கு நினைவுக்கு வருகின்றன.

வியப்பிடைச் சொற்களின் வரலாற்றில் சட்டமும் தலையிட்டுள்ளது. கடவுளின் பெயரையும் திருக்காயங்களையும் சுருக்கி ஆணையிடும் வழக்கம் நாடகமேடையில் மிகுந்திருந்தது. 1606இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், நாடகத்தில் கடவுளின் பெயரை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ கூறுவோர்க்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 10 பவுண் தண்டம் விதித்தது. அதிற் பாதி அரசனுக்கு. மறுபாதி வழக்குத் தொடுத்தவனுக்கு. அயலாரின் நாவைக் கண்காணிப்போர்க்கு இது நல்ல வருவாயாய்த் தோன்றியிருக்கும்! 1622இல் அச்சான ஒதெல்லோ நாடகத்தில் காணப்படும் ஆணைமொழிகள் பல, 1623இன் தொகுப்புப் பதிப்பில் இல்லை. சட்டம் மேடையையே கட்டுப்படுத்தியது, அச்சையன்று. ஆதலால் இந்நீக்கம் முழுவதற்கும் சட்டமே காரணமெனத் துணிதல் பொருந்தாது. எனினும் மேடைக்கெனத் திருத்தப்பட்ட படிகள் அச்சகத்தை அடைந்திருத்தல் கூடும். கடவுளின் பெயரைச் சிதைத்து அடையாளம் மறைத்த 'கோஷ்', இயேசுவின் பெயரைச் சிதைத்த 'ஜீ' போன்றவை பிற்காலத்தில் வழங்கலாயின. இன்று அவற்றைக் கூறும் சிறார் அவற்றின் மூலத்தை அறியார்.

வியப்பிடைச் சொல்லெனக் கருதப்பட்ட ஒன்று அவ்வாறன்று என வாதிக்கப்பட்டதும் உண்டு. பேவுல்ஃப் காவியத்தின் முதற்சொல்லைக் கேட்போரை விளிக்கும் ஒலியாகவே நெடுங்காலம் கொண்டனர். 2013இல் ஜோர்ஜ் வோல்க்டன் என்னும் மொழியியலாளர், அது தனித்து நிற்பதன்று, தொடர்ந்து வரும் வாக்கியத்தோடு இணைந்து 'எவ்வளவு' என்னும் வியப்பை உணர்த்துவதெனக் காட்டமுயன்றார். நிறுத்தக்குறிகள் அரிதாய் உள்ள கையெழுத்துப் பிரதியில் இத்தகைய ஐயம் எளிதிற் தீராது. அவரது வாதம் வலிமையுடையதென்றே நாம் கருதுகின்றோம்.

அச்சம் கலந்த பக்தியைக் குறித்த 'ஓ' என்ற சொல்லின் வழிவந்த 'ஓஃபுல்' இழிவைக் குறிக்கவும், அதே வழிவந்த 'ஓசம்' சாதாரணப் பாராட்டாகவும் தேய்ந்தன. அமெரிக்க இளைஞரின் வழக்கென நாம் எண்ணும் 'வாவ்' என்பதோ, 1513இல் கவின் டக்ளஸ் நிறைவுசெய்த வேர்ஜிலின் காவிய ஸ்கொத்திய மொழிபெயர்ப்பிலேயே காணப்படுகின்றது.

எழுத்தில் வியப்பைக் காட்டும் குறியையும் ஆங்கிலேயர் முன்னர் 'அட்மிரேஷன்' குறி என்றே வழங்கினர். பின்னர் அப்பெயர் கைவிடப்பட்டுக் கூவுதலைச் சுட்டும் பெயர் நிலைத்தது. ஐரோப்பிய அச்சுமரபோடு தமிழுக்கு வந்த அதே குறியை நாம் இன்றும் வியப்புக்குறி என்றே அழைக்கின்றோம்.