பெயரில்லா எழுத்து: பர்மாவிற் பத்திரிகையும் முகநூலும்

1938ஆம் வருஷம் ஜூலை மாதம் 26ந் தேதி இரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவிலே ஒரு பெருங்கூட்டம் கூடிற்று. பௌத்த சமயத்தை இழித்துரைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு புத்தகத்தைக் கண்டிக்கக் கூடிய கூட்டம் அது. பர்மிய முஸ்லிம் ஒருவர் எழுதிய அப்புத்தகம் 1931லேயே வெளிவந்து, ஏழாண்டுகளாக எவரையும் உறுத்தாது கிடந்தது. அதன் பகுதிகளைத் தூரியா முதலிய பர்மியத் தினசரிகள் எடுத்துக் காட்டிக் கண்டனம் எழுதவே, கிடந்த பொறி தீயாயிற்று. கூட்டத்தார் ஊர்வலமாகச் சூரத்தி பஜாரை நோக்கிச் சென்றனர், போலீசார் தடுத்தனர், கைகலப்பு நேர்ந்தது. அடிபட்ட பிக்குகளின் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. கலகம் தலைநகரோடு நில்லாது ஜில்லாக்களிலும் பரவிற்று. அடங்குமுன் இருநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முஸ்லிம்கள் மட்டுமன்றி, இந்தியர் என்ற பெயருடையார் பலரும் தாக்குண்டனர்.

பர்மா என்ற பெயரைப் பாட்டனார் வாயிற் கேட்டு வளர்ந்த நேயர்கள் நம்மிற் பலர் உளர். ஆதலின் ஒன்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். அக்காலத்துப் பர்மியக் குடியானவனுக்கு மெய்யான குறை ஒன்று இருந்தது. 1930க்குப் பின் நெல் விலை வீழ்ந்து கடன் மூழ்கியதால், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றிலும் விளைநிலத்தின் ஏறக்குறையக் காற்பங்கு 1938க்குள் செட்டிமார் கைக்கு வந்துவிட்டது. நிலமிழந்தவன் மனம் எரியாதிருக்குமா? அந்த எரிச்சலை நிலத்தின்பாற் செலுத்தித் தீர்வு தேடுவதை விடுத்து, மதத்தின்பால் திருப்பியதே பத்திரிகைகளின் வேலையாயிற்று. தூரியா அப்பொழுது ஊ சா என்னும் அரசியல்வாதியின் வசமிருந்தது. கலகத்தினால் தளர்ந்த பா மா மந்திரிசபை 1939 பிப்ரவரியிற் கவிழ்ந்தது. 1940ல் ஊ சா பிரதம மந்திரியானார். கலகத்தில் இலாபம் யாருக்கு என்று வேறு விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், ஹைகோர்ட்டு நீதிபதி பிரௌண்டு என்பவர் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி கலகத்தின் காரணங்களை ஆராய்ந்தபொழுது, பத்திரிகைகளின் பங்கை வெளிப்படையாகக் கடிந்துரைக்க இயன்றது. 1867ஆம் வருஷத்து 25வது சட்டம், அச்சிடப்படும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் காணப்பட வேண்டுமென்று விதித்திருந்தது. அச்சட்டம் அன்னிய ஆட்சி தன்னைக் காத்துக்கொள்ள இயற்றியதே. அதனைப் புகழ வேண்டுவதில்லை. எனினும் பொய்யை எழுதினவன் யார் என்று ஊரார் கேட்டால், தாளின் அடியில் ஒரு பெயர் இருந்தது.

இனி இக்காலத்திற்கு வருவோம். சுதந்தரம் பெற்ற பர்மாவில் 1962ல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதன் பின்னர்த் தனியார் தினசரிகள் ஒழிந்தன. 1989ல் அத்தேசத்தின் பெயர் மியான்மர் என மாற்றப்பட்டது. பிரசுரத்திற்கு முன் தணிக்கைக்கு அனுப்பும் விதி 2012 ஆகஸ்டில் நீங்கிற்று. 2013 ஏப்ரலில் தனியார் தினசரிகள் மீண்டும் வெளிவந்தன. இவ்வாறு ஏறக்குறைய ஐம்பதாண்டு வாய் கட்டப்பட்டிருந்த ஜனங்களுக்குப் பத்திரிகை படித்து, இது மெய், இது பொய் என்று பிரித்தறியும் பழக்கம் திரும்புமுன்பே, 2014ல் அயல்நாட்டுக் கம்பெனிகள் கைப்பேசிக்குரிய சிம் அட்டையை 1,500 கியாத்துக்கு விற்கத் தொடங்கின. முன்னர் அதே அட்டை செல்வந்தர்க்கன்றி எட்டாத பொருள். கைப்பேசி வாங்கியவர் பலர்க்கு முகநூலே பத்திரிகை, அதுவே தபால், அதுவே சந்தை. வேறோர் இணையம் உண்டு என்பதையே அறியாதார் மிகப் பலர்.

அவ்வருஷம் ஜூலை மாதமே மாந்தலே நகரிற் கலகம் மூண்டது. முஸ்லிம் ஒருவர் பௌத்தப் பெண்ணொருத்தியைக் கெடுத்தார் என்று முகநூலில் ஒரு வதந்தி எழுந்தது. விராது என்னும் பிக்கு அதனைப் பரப்பினார். பௌத்தர் ஒருவரும் முஸ்லிம் ஒருவருமாக இருவர் மாண்டனர். குற்றச்சாட்டு புனைந்துரை எனப் பின்னர்த் தெரிந்தது. 1938ல் ஏழாண்டு உறங்கிய புத்தகத்தைத் தினசரிகள் எழுப்ப வேண்டியிருந்தது. 2014லோ இல்லாத ஒன்றை உண்டாக்கிச் சில நாழிகையில் தெருவுக்குக் கொணர முடிந்தது.

முகநூற் கம்பெனியார் என் செய்தனர்? 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைச் சோதித்தோர் அங்கே இருவரே. அன்றியும் பர்மியர் பெரும்பாலும் ஸாஜி என்னும் எழுத்துருவிலே எழுதினர். அஃது ஒருங்குறிக்கு ஒவ்வாதது. ஆதலின் கம்பெனியின் இயந்திரங்களால் அதனைச் சரியாகப் படிக்க இயலவில்லை. (ஒருங்குறி நிலைபெறுமுன் நம் தமிழும் எழுத்துருக் குழப்பத்தில் உழன்றதுதான்.) பழைய பத்திராதிபர் தம் தாளில் வருவதைத் தாமே படித்தார். இப்புதிய பத்திராதிபர்க்கோ தம் தாளைப் படிக்கவே தெரியாது!

2017 ஆகஸ்ட் 25ல் ரோஹிங்கியா ஆயுதக் குழுவொன்று போலீஸ் காவலிடங்களைத் தாக்கிற்று. அதனைக் காரணங் காட்டி இராணுவம் அரக்கான் பகுதியில் நடத்திய கொடுமையினால் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினர். ஐக்கிய நாடுகளின் உண்மையறியும் குழுவின் தலைவர் மர்ஜுகி தாருஸ்மான், இதிற் சமூக ஊடகம் தீர்மானமான பங்கு வகித்தது என 2018 மார்ச்சிற் கூறினார். அவ்வருஷம் ஆகஸ்டில் முகநூல், சேனாதிபதி மின் ஆங் லைங் உள்ளிட்டோரின் கணக்குகளை நீக்கிற்று. நீக்கிய பக்கங்கள் 52. அவற்றைப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பேர். அக்டோபரில் மேலும் 13 பக்கங்கள் நீக்கப்பட்டன. இவை அழகுக் குறிப்பும் கேளிக்கையும் வெளியிடும் பக்கங்கள்போற் காட்சியளித்து, உள்ளே இராணுவத்தோடு தொடர்புடையனவாய் இருந்தன! ஊ சா தூரியாவை நடத்தினார் என்பது ஊரறிந்த செய்தி. சேனைக்காரன் அழகுக் குறிப்பு எழுதுகிறான் என்பதை எவர் அறிவார்? கலவரத்திற்குத் தம் தளம் கருவியாகாமற் காக்கத் தாங்கள் போதிய அளவு செய்யவில்லையென்று கம்பெனியாரே நவம்பரில் ஒப்புக்கொண்டனர்.

இதே காலத்தில் மெய்யான பத்திரிகைத் தொழிலும் நடைபெற்றது. இன் தின் என்னும் கிராமத்திற் பத்து ரோஹிங்கியா ஆடவர் 2017 செப்டம்பர் 2ந் தேதி கொல்லப்பட்டதை ராய்ட்டர் நிருபர்களாகிய வா லோன், சா சோ ஊ என்னும் இருவர் துருவி ஆராய்ந்தனர். பத்துப்பேரும் முழந்தாளிட்டிருக்கும் படமும் அவர்கட்குக் கிட்டிற்று. டிசம்பர் 12ல் இருவரும் கைதாயினர். பின்னர் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பெற்று, 2019 மே மாதம் விடுதலையாயினர். கொலைக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற சிப்பாய்கள் எழுவரோ ஓராண்டு முடியுமுன்னரே வெளியேறிவிட்டனர். கொன்றவனுக்குக் கிடைத்த காவலைவிட எழுதினவனுக்குக் கிடைத்தது நெடிது.

இவ்வளவும் சொல்லி, முகநூல் தீயது என்று முடித்துவிட இயலாது. 2021 பிப்ரவரி 1ந் தேதி இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தபொழுது, மறுநாளே வைத்தியர்கள் ஒத்துழையாமையை முகநூல் வாயிலாகத் தொடங்கினர். இரவிலே வீடுகள்தோறும் பானைகளைத் தட்டி ஓசை எழுப்ப ஜனங்களை அழைத்ததும் அதுவே. சில நாட்களில் இராணுவம் அதனை முடக்கிற்று, ஜனங்களோ வி.பி.என். என்னும் மறைவழிகளாற் புகுந்தனர். மார்ச் 8ந் தேதி மிஸ்ஸிமா, மியான்மர் நௌ உள்ளிட்ட ஐந்து செய்தி ஸ்தாபனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றின் நிருபர்கள் பலர் தாய்லாந்து முதலிய இடங்களுக்குத் தப்பினர். அங்கிருந்து எழுதியதை முகநூல் வழியாகவே நாட்டு ஜனங்கள் படித்தனர். உள்ளேயே மறைந்திருந்து செய்தி அனுப்பியோரும் உண்டு. ஒருகாலத்திற் பொய்யர்க்கு மறைவிடமாயிருந்த அதே பெயரின்மையை, பிடிபட்டால் சிறை என்பதனால், இப்பொழுது மெய் எழுதுவோர் தேடலாயினர். அவர்கள் அனுப்பிய செய்திகள் பலவற்றின் அடியில் எழுதியவர் பெயர் இல்லை.