புதுச்சேரியில் பிரெஞ்சு உடைத் தாக்கம்

புதுச்சேரியில் பிரெஞ்சு உடைத் தாக்கம் என்பது, 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவியது முதல் 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது வரையிலான காலத்தில் துணி, தையல், காலணி, தலையணி ஆகியவற்றில் ஏற்பட்ட கொடுக்கல் வாங்கலையும் அதன் தொடர்ச்சியையும் குறிக்கும். பிரான்சிலிருந்து வந்ததைப் போலவே தமிழகத்திலிருந்து பிரான்சுக்குப் போனதும் இதில் அடங்கும். உடையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைக்காக ஒரு தமிழர் பாரிஸ் வரை வழக்காடி வென்றதே இந்த வரலாற்றின் உயிர்நிலை.

வண்ணத் துணிகள்

சோழமண்டலக் கரையில் சாயம் தீட்டிய பருத்தித் துணிகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் பெரும் மவுசு இருந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளரின் பிழைப்பு கெடுகிறது என்ற முறையீட்டை அடுத்து, 1686இல் அரசு அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. கள்ளத்தனமாகத் துணி வருவது மட்டும் நிற்கவில்லை.

தடைக்காலத்திலேயே அந்தச் சாயத்தின் நுட்பத்தை அறியப் பிரெஞ்சுக்காரர் முயன்றனர். 1734 வாக்கில் பொலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் நேரில் பார்த்து எழுதிய குறிப்புகள், துணி மாதிரிகளோடு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. 1742இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ இதே தொழிலை விரிவாகக் கடிதத்தில் எழுதினார். அவர்கள் கண்ட முறை இது: துணியை எருமைப்பாலும் கடுக்காயும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, தீட்டும் கோடு பரவாமல் தடுக்கும். இரும்புக் கரைசல் கடுக்காய்மேல் பட்டால் கறுப்புக் கோடு விழும். படிகாரம் தீட்டிய இடம் சாயவேர் நீரில் கொதித்துச் சிவக்கும். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்ற இடங்களை மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவர். இதில் முதல் வேலைக்கு உதவும் கடுக்காய், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை அடுத்த ஜவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் இன்றும் சேகரிக்கும் காட்டுப் பொருள்களுள் ஒன்று.

தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், ஓபர்காம்ஃப் பாரிசுக்கு அருகே ழூயி என்ற ஊரில் அச்சுத் துணி ஆலை தொடங்கினார். பிரெஞ்சு ரசனைக்கு அடையாளமாகக் கொண்டாடப்படும் ழூயித் துணிக்குப் பின்னால் நம் சாயக்காரர்களின் கைத்திறனும் இருக்கிறது.

நீலத் துணியும் ஆலைகளும்

அவுரியில் தோய்த்த கருநீலக் கினித் துணி, புதுச்சேரியின் பெயரை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றது. செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்கப் பிரெஞ்சு வணிகர்கள் இத்துணியைப் பணம்போலவே கொடுத்தனர். சகாராவின் மூர் மக்கள் அதை விரும்பி உடுத்தினர். இதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இயந்திர ஆலைகள் எழுந்தன. சவானா ஆலை இவற்றுள் முந்தியது. 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை பின்னர் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை எனப் பெயர் பெற்றது. 1936 ஜூலை 30இல் சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது.

சப்பாத்து வழக்கு

பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஒருவரின் இடத்தை அவர் உடை சொல்லிவிடும். கலப்பு வழியில் வந்தோர் சட்டைக்காரர் என அவர்கள் அணிந்ததைக் கொண்டே அழைக்கப்பட்டனர். ஆளுநர் மாளிகைக்குள் காலணியோடு நுழைவது, துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) போன்ற மிகச் சிலருக்கே கிடைத்த மரியாதை.

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ஐரோப்பிய முறைச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியருக்கு அது வழக்கமில்லை என்று நீதிமன்றம் அவரைத் தடுத்தது. அவர் பணியவில்லை. பாரிசில் உள்ள உச்ச முறையீட்டு மன்றம் வரை சென்றார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. காலில் எதை அணிவது என்பது அணிபவரின் விருப்பம், அதிகாரி தரும் சலுகை அல்ல என்பதை அவர் நிலைநாட்டினார். தமிழர் உடை வரலாற்றில் இந்த வழக்குக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

1881ஆம் ஆண்டு ஆணை

1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணை, சாதி, சமய வழிப்பட்ட தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழிவகுத்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டனர். இந்தத் துறப்பு இயக்கத்தின் முன்னோடியான பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாபோர்த் என்ற பெயரை ஏற்றார். சாதிக் கட்டுகளிலிருந்து வெளியேற விரும்பியோருக்குக் கோட்டும் கவுனும் புதிய சமூக நிலையின் அடையாளங்களாயின. அவர்களை வெள்ளைக்காரரைப் பார்த்து ஆடியவர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. தோளில் துண்டு போடுவதற்கும் காலில் செருப்பு அணிவதற்கும் தடை இருந்த சமூகத்தில், சட்டை அணிவதே ஒரு விடுதலை.

கடல் கடந்த மெட்ராஸ்

1853இல் மர்த்தினீக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். அவர்களுக்கு முன்பே அந்தப் பிரெஞ்சுத் தீவுகளை எட்டிவிட்டது 'மெட்ராஸ்' எனும் கட்டம் போட்ட துணி. ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் அதைத் தலைக்கட்டாக்கி, கட்டங்களின்மேல் மஞ்சள் வண்ணம் தீட்டி விறைப்பாக்கினர். முடிச்சில் நிமிர்த்திய முனைகளுக்கும் பொருள் வைத்தனர்: ஒரு முனை என்றால் மனம் யாருக்கும் தரப்படவில்லை, மூன்று முனை என்றால் மணமானவள். தமிழர் நெய்தது, பிரெஞ்சுக் கப்பல் சுமந்தது. ஆனால் கட்டிய விதம் முழுக்க அந்தத் தீவுப் பெண்களுடையது.

இன்றைய நிலை

புதுச்சேரிக் காவலர் அணியும் சிவப்புக் கெபித் தொப்பியே பிரெஞ்சு உடையின் கண்கூடான எச்சம். ஜூலை 14 விழாவுக்குப் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தாக்கள் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவர். அருகிலுள்ள ஆரோவில்லில் 1997இல் தொடங்கிய உபாசனா போன்ற ஆடையகங்கள், கைத்தறித் துணியில் எளிய வெட்டுகளைக் கையாள்கின்றன.

செங்கமும் தனிப்பாணியும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலை, கரையை மேட்டுநிலத்தோடு இணைக்கும் பழைய வழி. செங்கம் கணவாய் இந்த வழியில்தான் உள்ளது. செங்கம் பிரெஞ்சு நகரமாக இருந்ததில்லை. ஆனாலும் பிரெஞ்சுப் பாணியின் உச்சமாகக் கருதப்படுவது இங்கே அன்றாட வழக்கமாக இருக்கிறது. 'ஓத் கூத்தூர்' (உயர் தையற்கலை) என்ற பெயருக்குப் பிரான்சில் 1945 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைப்பது அதற்கான விதிகளுள் ஒன்று. செங்கத்தில் ஒரு பெண் அளவு ஜாக்கெட்டைத் தையற்காரரிடம் நீட்டி, கழுத்தை ஒரு விரல் இறக்கு, கையைக் கொஞ்சம் பிடி என்று சொல்லும்போது அதைத்தான் செய்கிறாள். தன் உடம்பு அவளுக்குத் தெரியும். எது பொருந்தும் என்பதும் தெரியும்.

பாரிஸ் தோற்றத்தை விளம்பரத்தில் பார்த்து அப்படியே வாங்கினால் பாணி வந்துவிடாது. கோடையின் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு உதவாது. பிரெஞ்சுக்காரரிடம் கற்க வேண்டியது அளவான உடைமை, நல்ல துணி, கச்சிதமான தையல் ஆகிய மூன்றும்தான். செங்கம் உள்ள அதே மாவட்டத்து ஆரணிப் பட்டும், கைத்தறிப் பருத்தியும், தெருமுனைத் தையற்கடையும் இவற்றுக்குப் போதுமானவை. சப்பாத்து அணிந்த வழக்கறிஞரும் மெட்ராஸ் கட்டிய தீவுப் பெண்களும் பிறர் பொருளை எடுத்துக்கொண்டார்கள்; அதை எப்படி அணிவது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். தனிப்பாணி எனப்படுவது அந்த முடிவுதான். அதற்குத் துணை நிற்கும் நெசவாளரையும் தையற்காரரையும் காப்பது, அந்த உரிமையைக் காப்பதன் ஒரு பகுதி.