ஆண் கையில் சுருட்டு, பெண் வாயில் வெற்றிலை

புதுச்சேரியில் டூப்ளே காலத்தில் துபாஷாக இருந்தவர் ஆனந்தரங்கப்பிள்ளை. அவர் தன் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து ஊர் விவகாரம் கேட்டதை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் காணலாம். பாக்கு அந்த அளவுக்கு இந்த ஊரின் வியாபாரம்!

வெற்றிலை பாக்கு இங்கே மிகப் பழையது. புகையிலை அப்படியல்ல. அது அமெரிக்கச் செடி, போர்த்துகீசியர் கொண்டு வந்தது. வந்த பிறகு அது இரண்டு வழியாகப் பிரிந்தது. சுருட்டிப் புகைத்தால் சுருட்டு (ஆங்கிலத்தின் 'செரூட்' இந்தத் தமிழ்ச் சொல்தான்). அது ஆண்களுக்கு என்று ஆயிற்று. பிறகு பீடி, சிகரெட் வந்தன. பெண் புகைத்தால் ஊர் பேசும். அதே புகையிலையை வெற்றிலையோடு சேர்த்து வாயில் அதக்கிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நடவு வயலில் பசி தெரியாமல் இருக்கவும் அது உதவியது.

இது உடல் செய்த பிரிவினை அல்ல, வழக்கம் செய்தது. ஆந்திராவில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம் பெண்களே சுட்டா புகைப்பார்கள், அதுவும் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து!

இரண்டு வழியிலும் உள்ளே போவது நிகோடின் என்ற ஒரே ஊக்கிதான். 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் ஆண்களில் 19%, பெண்களில் 2%. புகையில்லாப் புகையிலையிலோ ஆண்கள் 29.6%, பெண்கள் 12.8%. புகையை மட்டும் பார்த்தால் பெண்களுக்குப் பழக்கமே இல்லை என்று தோன்றும். வாயைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உடலும் ஒரு வேலை செய்கிறது. சராசரியாகப் பெண்களின் உடல் நிகோடினை வேகமாகச் சிதைக்கிறது. கர்ப்ப காலத்தில் இன்னும் வேகமாக. அளவு சீக்கிரம் குறைந்தால் ஏக்கமும் சீக்கிரம் திரும்பும். 'விட முடியவில்லை' என்று ஒரு பாட்டி சொன்னால் அது வெறும் பிடிவாதம் இல்லை.

பாக்கும் சும்மா இல்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003ல் அறிவித்தது.

பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு சுருக்குப் பை தெரியாது. "புகைப்பீங்களா?" என்று கேட்டால் பாட்டி இல்லை என்றுதான் சொல்வார். "வெத்தலையில பொகையில வெப்பீங்களா?" என்று கேட்க வேண்டும்.