கைரேகை மறுப்பு பிறந்த கதை

கைரேகையை அரசாங்கம் கேட்டு வாங்கத் தொடங்கிய கதை ஒரு றோட்டு வேலையில்தான் ஆரம்பிக்கிறது. 1858 ஜூலை மாதம், வங்காளத்து ஜாங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, றோட்டுக்குப் போட 2,000 மணங்கு சரளை வாங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். நாளைக்கு இந்த ஆள் ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையை எடுத்து, கோனாயின் உள்ளங்கை முழுக்கப் பூசி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அப்பவைத்தார். அதில் விஞ்ஞானம் ஒன்றும் இருக்கவில்லை. ஆளை வெருட்டி வைப்பதே நோக்கம் என்று ஹேர்ஷலே பின்னாளில் எழுதினார்.

வெருட்ட எடுத்தது விரைவில் வழக்கமாயிற்று. 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோர், உறுதி பதிவோர், சிறைக்குப் போவோர் எல்லோரிடமும் விரலடையாளம் வாங்கினார்கள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. ரேகைகளை 1,024 அறைகளில் பிரித்துத் தேடும் முறையை உருவாக்குவதில் பெரும் பங்கு அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகளுக்கு உண்டு. முறைக்கு வைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. ஹென்றி 1900இல் ஜொகன்னஸ்பேர்க், பிரிட்டோரியா நகரங்களின் பொலிஸை ஒழுங்குபடுத்தத் தென்னாபிரிக்கா போனார். வித்தையும் அவரோடு கப்பலேறிற்று.

மறுப்பு பிறந்ததும் அங்கேதான்.

1906 ஓகஸ்ட் 22ஆம் திகதி ட்ரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டவரைவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் பதிந்து, விரல்ரேகை கொடுத்து, சான்றிதழ் வாங்கவேண்டும். தெருவில் பொலிஸ்காரர் மறித்துக் கேட்டால் காட்டவேண்டும். வீட்டுக்குள் வந்து கேட்டாலும் காட்டவேண்டும். இல்லையென்றால் தண்டம், சிறை, நாடுகடத்தல். அப்போது அங்கே இருந்த காந்திக்கு, ஹென்றியின் நூலைப் படித்தபோது ஒன்று உறைத்தது: சட்டப்படி விரல்ரேகை குற்றவாளிகளிடமிருந்துதான் கட்டாயமாக எடுக்கப்படுகிறது. கடை வைத்திருப்பவனும் கூலிக்குப் போகிறவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் என்ன குற்றம் செய்தார்கள்?

செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க்கின் எம்பயர் தியேட்டரில் ஏறக்குறைய 3,000 பேர் கூடினார்கள். சேத் ஹாஜி ஹபீப் எழுந்து, அல்லாஹ்வைச் சாட்சி வைத்து, இந்தச் சட்டத்துக்குப் பணியமாட்டேன் என்றார். தீர்மானம் போடத்தான் வந்திருந்தார்கள். அது சத்தியமாக மாறிவிட்டது. காந்தியே திடுக்கிட்டுப் போனார். சத்தியாக்கிரகம் என்று உலகம் பின்னர் அறிந்தது ரேகை தர மறுத்த ஒரு முஸ்லிம் வர்த்தகரின் வாயிலிருந்து இப்படித்தான் கிளம்பிற்று. இதை நமது பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. கல்முனையிலும் திருக்கோவிலிலும் ஒரே கடற்கரையில் தமிழரும் முஸ்லிம்களுமாக வாழும் நாம் இரு சாராருமாவது சொல்லிக்கொள்ளலாம்.

தமிழர் பங்கு இன்னும் பெரிது. மொறீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு சிறைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். லண்டன் முதலில் சட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை. 1907இல் ட்ரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி கிடைத்ததும் அதே சட்டம் மார்ச் மாதமே நிறைவேறி, ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 13,000 இந்தியரில் அந்த ஆண்டு நவம்பர் முடிவுவரை பதிந்தவர்கள் 500 பேரளவில்தான்.

1908 ஜனவரியில் ஒரு சமரசம் வந்தது: நீங்களாக விரும்பிப் பதியுங்கள், சட்டம் போய்விடும். காந்தியும் தம்பி நாயுடுவும், அதே சட்டத்துக்குள் அகப்பட்ட சீனர்களின் தலைவர் லியுங் குவினும் கையொப்பமிட்டார்கள். மீர் ஆலம் என்ற பட்டாணியர் பொறுக்கவில்லை. நேற்றுவரை கொடுக்காதே என்றவர் இன்றைக்குப் பத்து விரலையும் நீட்டப்போகிறாரே என்று, பெப்ரவரி 10ஆம் திகதி பதிவுக் கந்தோருக்குப் போகும் வழியில் காந்தியை அடித்து விழுத்தினார். தடுக்கப்போன தம்பி நாயுடுவும் அடி வாங்கினார். வற்புறுத்தி வாங்குவது வேறு, மனமொப்பிக் கொடுப்பது வேறு என்பது காந்தியின் கணக்கு. தடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டிருந்தால் மீர் ஆலத்தின் கேள்வி நியாயமானதே; வாங்குகிறவன் சொல் மாறினால் கொடுத்த ரேகையைத் திரும்பப் பெற வழி எங்கே? சட்டம் போகவில்லை. ஓகஸ்ட் 16ஆம் திகதி ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் பெரிய இரும்புச் சட்டியில் 2,000க்கு மேற்பட்ட சான்றிதழ்களைப் போட்டு எரித்தார்கள். மீர் ஆலமும் வந்து, அடித்தது பிழை என்று சொல்லித் தன் சான்றிதழையும் நெருப்புக்குக் கொடுத்தார்.

ரேகை கேட்பதும் மறுப்பதுமான அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2005இல் அமெரிக்காவின் கிரீன் பே நகரப் பொலிஸார், வேகமாக ஓடியவரிடம் கொடுக்கும் தண்டச் சீட்டில் விரலடையாளம் வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில், மறித்த சாரதியின் விரலை றோட்டிலேயே வைத்துப் பார்க்கும் கைக்கருவியைப் பரீட்சித்தார்கள். இந்தியாவில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஓராண்டுக் கடூழியச் சிறையாவது கிடைக்கக்கூடிய குற்றங்களுக்கே ரேகை எடுக்கச் சொன்னது. 2022இல் அதற்குப் பதிலாக வந்த சட்டம், எந்தக் குற்றத்துக்குக் கைதானாலும் எடுக்கலாம், 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. ப. சிதம்பரம் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் எதிர்த்தும் அது நிறைவேறியது.

இலங்கையில் தண்டப் பத்திரத்துக்கு இன்றைக்கு ரேகை இல்லை. லைசனை வாங்கி வைத்துக்கொண்டு பத்திரம் எழுதுவார்கள். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டிவிட்டு மீட்கலாம். 2025 முதல் இணையவழியிலும் கட்டும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஆட்பதிவுச் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம் அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்க இடம் கொடுத்துவிட்டது. ரேகைக் களஞ்சியம் ஒன்று இருந்தால், அதைத் தெருவுக்கு இழுக்கும் யோசனை யாருக்காவது வரத்தான் செய்யும்.

சொல்லப்போகும் நியாயமும் தெரிந்ததுதான்: பிறர் பெயரைச் சொல்லித் தப்புகிறார்கள். தப்புகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு லைசன் இலக்கத்தையும் அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பொத்துவில்–அக்கரைப்பற்று றோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போன வயல்காரனும் கரைவலை இழுக்கிறவனும் விரல் தேய்ந்தவர்கள். கருவி அவர்களின் ரேகையைப் பிடிக்காவிட்டால் பழி அவர்கள் தலையில்தான் விழும். அட்டை தொலைந்தால் கிராம சேவகரிடம் போய்ப் புதிதுக்கு விண்ணப்பிக்கலாம். ரேகை களவுபோனால் எந்தக் கந்தோருக்குப் போவது? யுத்த காலத்தில் இதே றோட்டில் சோதனைச் சாவடிதோறும் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

காவல் என்று நமக்கு இருப்பது கொஞ்சம். இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அது தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உயிரளவைத் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதற்கு மேல் உள்ள கதவு ஒன்றுதான்: சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய 14 நாளுக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் பிறகு அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. ஆகவே பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் ஓட்டோச் சங்கமும் வர்த்தமானியில் வரும் சட்டமூலங்களை யாராவது ஒருவர் படித்துச் சொல்லும்படி இப்போதே ஏற்பாடு செய்யவேண்டும்.