கிஸி கெர்மென் என்றொரு கோட்டை, பெரிஸ்லாவ் என்றொரு ஊர்

உக்ரேனின் தெற்கே, தினீப்பர் நதியின் வலக்கரையில் உள்ள சிறு நகரம் பெரிஸ்லாவ். 2022இல் யுத்தம் மூளுமுன் ஏறத்தாழ 12,000 பேர் அங்கு வாழ்ந்தனர். வரலாறு கற்பிப்பவன் என்ற வகையில் என்னை அதன்பால் இழுத்தது அதன் பழைய பெயர்தான்.

இன்றைய நகரம் இருக்குமிடத்தில் உஸ்மானியரின் கோட்டையொன்று இருந்தது. ஸ்லாவியர் அதைக் கிஸி கெர்மென் என்றனர். துருக்கி மொழியில் 'கிஸ்' என்றால் பெண், 'கெர்மென்' என்றால் கோட்டை. ஆகவே அது கன்னிக் கோட்டை என்பார்கள். உஸ்மானிய ஆவணங்களிலோ அதன் பெயர் காஸி கெர்மான். காஸி என்ற சொல்லை நமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அதுதான் அயலார் நாவில் கிஸியாகத் திரிந்தது என்பது என் எண்ணம். எதிர்க்கரையில், இன்று கஹோவ்கா உள்ள இடத்தில், இஸ்லாம் கெர்மென். நடுவே தவான் தீவு. கிரிமியாவுக்குச் செல்லும் பாதை ஆற்றைக் கடந்தது இவ்விடத்தில்தான். கொசாக்குகளின் படகுகள் கருங்கடலுக்கு இறங்காதபடி ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டியிருந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கோட்டை என்றாலும் அதை ஒரு பெரிய கடவை என்பதே பொருந்தும்.

1695இல் ஷெரெமெத்தேவின் ரஷ்யப் படையும் ஹெட்மன் மஸேப்பாவின் கொசாக்குகளும் அதைக் கைப்பற்றினர். மகா பீட்டர் நேரிற் சென்று முற்றுகையிட்ட அஸோவ் அவ்வாண்டில் விழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனால் 1700இல் இஸ்தான்பூலில் எழுதப்பட்ட உடன்படிக்கை, தினீப்பர் கோட்டைகளை இடித்துவிட்டு நிலத்தைச் சுல்தானிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. வென்றவருக்கும் கோட்டையில்லை, தோற்றவருக்கும் கோட்டையில்லை. 1774இன் குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கையால் அந்நிலம் ரஷ்யாவுக்குப் போயிற்று. பத்தாண்டுகளின் பின், 1784இல், இரண்டாம் கத்தரீனின் ஆட்சியில் பெரிஸ்லாவ் உருவானது.

சார் மன்னர் காலத்தில் அதன் நிர்வாக நிலை விசித்திரமானது. 'ஸஷ்தாத்னி' நகரம் என்பார்கள். நகரம் என்ற அந்தஸ்து உண்டு, ஆனால் மாவட்டத் தலைமை இல்லை. பெரிய அலுவல் எதற்கும் கெர்சோனை நோக்கியே நடக்கவேண்டும். சுமார் 70 கிலோமீற்றர்! கிரிமிய உப்பேற்றி மாட்டுவண்டிகளில் வந்த சுமாக்குகள் என்ற வணிகர்களே ஊருக்கு உயிரூட்டினார்கள். தலைமையகம் என்ற பதவி 1923இல், சோவியத் ஆட்சியில்தான் கிட்டியது.

2020இல் உக்ரேன் 490 மாவட்டங்களை 136 ஆகக் குறைத்தது. கெர்சோன் மாகாணத்தின் 18 மாவட்டங்கள் 5 ஆயின. பெரிஸ்லாவ் தப்பியதோடு அயல் மாவட்டங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெருமைதான். ஆனால் பாடசாலை, வைத்தியசாலை, காணி முதலானவை மாவட்டத்தை விட்டு 'ஹ்ரொமாதா' எனப்படும் உள்ளூர்ச் சமூகங்களின் தெரிவுசெய்யப்பட்ட சபைகளிடம் போய்விட்டன. மக்களின் வருமான வரியில் 60 வீதம் அச்சபைகளுக்கே என்றாயிற்று. நாற்காலி பெரிதானபோது மேசை காலியானது. ஆனாலும் எனக்கு இச்சீர்திருத்தம் பிடித்திருக்கிறது. தன் பாடசாலைக்கு ஓடு மாற்ற ஒரு கிராமம் தலைநகரின் அனுமதிக்குக் காத்திருப்பதைவிட இது மேலல்லவா?

அந்த ஏற்பாடு வேர்பிடிக்க இரண்டாண்டுகள்கூடக் கிடைக்கவில்லை. 2022இன் தொடக்கத்தில் ரஷ்யப் படை ஊரைப் பிடித்தது. நவம்பர் 11இல் உக்ரேனியப் படை மீட்டது. அதன்பின் அலுவல்களை நடத்தியது இராணுவ நிர்வாகம். எதிர்க்கரை ரஷ்யர் வசமே இருந்தது. 2023 ஜூன் 6இல் கஹோவ்கா அணை உடைந்தது. 1950களில் உருவான 2,155 சதுர கிலோமீற்றர் நீர்த்தேக்கம் ஊரின் முன்னே வற்றிப்போக, தினீப்பர் தன் பழைய படுகைக்கு ஒடுங்கியது. அந்த ஒடுங்கிய ஆற்றைத் தாண்டி, 2024இலும் ட்ரோன்கள் பெரிஸ்லாவுக்கு வந்துகொண்டிருந்தன.